கல்லீரல் சுருங்கும் வரை

கீழ்வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்தபோது, எழிலரசி ஒட்டடைக் குச்சியால் மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் ஒரு தடவை துடைத்ததுதான். சும்மா உட்கார்ந்தால் கால் தானாகச் சமையலறைக்குப் போனது, போனால் கை தானாக ஏதாவது டப்பாவைத் திறந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததிலிருந்து ஜன்னல் கம்பி, கதவிடுக்கு, குளியலறைத் தரை என்று வீட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கொரட்டூரில் அந்தச் சின்ன வீட்டுக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் அது இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஆஸ்பத்திரியில் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். கல்லீரல் கொழுப்பேறி வீங்கி இரைப்பையை மூடிக்கொண்டு கிடக்கிறது, அது சுருங்கினால்தான் கருவியை உள்ளே விட வழி கிடைக்கும், இரண்டு வாரம் புரோட்டீன் பவுடர் கரைத்த தண்ணியைத் தவிர வேறு பெரிதாக ஒன்றும் கூடாது, எடை இறங்காமல் வந்தால் தேதி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டு முறை சொல்லிக்கொடுத்த ரேஷ்மா மேடம் வடிகட்டிய ரசமும் நீர்மோரும் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். மெல்லுகிற மாதிரி எதுவும் வேண்டாம், பசி சீக்கிரம் அடங்கிவிடும் என்று சிரித்தாள்.

வயிறு அடங்கியது உண்மைதான். பல் அடங்கவில்லை. பட்டரைவாக்கம் போகும் ரயிலில் பக்கத்து ஆள் வேர்க்கடலை மென்றபோது தன் தாடையும் கூடவே அசைவதை எழிலரசி கவனித்தாள். சட்டென்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அங்கே தொழிற்பேட்டையில் மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை அவளுக்கு. மத்தியானம் எல்லாரும் டப்பாவைத் திறக்கும் நேரத்தில் அவள் வெளியே போய் கம்பெனி மதிலை ஒட்டி நடந்தாள். முட்டி வலித்தாலும் நடந்தாள்.

வீட்டிலும் எதுவோ கழன்றுபோயிருந்தது. அவள் புருஷன் துலுக்கானம் குடோனில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டி ஓட்டுகிறவன். சாயங்காலமானால் இன்றைக்கு என்ன குழம்பு, நாளைக்கு எந்தக் கடை என்பதுதான் அவர்களுக்குள் பேச்சாக இருந்தது. இப்போது அவன் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, பசியில்லை என்றான். சட்டையில் பஜ்ஜி எண்ணெய் வாசம் அடித்தது. அவளும் கேட்கவில்லை. இரண்டு பேரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பேச ஒன்றும் கிடைக்காத புதுப் பெண் மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

பவுடர் டப்பா சீக்கிரமே அடிதட்டியபோது அவளுக்கு முதலில் அவன் மேல்தான் சந்தேகம் வந்தது. கேட்டதற்கு, அந்தக் கருமத்தை எவன் குடிப்பான் என்று துலுக்கானம் சிரித்தான். தான்தான் பசியில் அளவு தெரியாமல் அள்ளிப் போடுகிறோமோ என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

வீட்டில் தேய்க்க இனி எதுவும் இல்லை என்றானபோது, மகளுடைய பள்ளிக்கூடப் பையைத் துவைக்க எடுத்தாள். கிருஷ்ணப்பிரியா டியூஷனுக்குப் போயிருந்தாள். பிளஸ் ஒன் படிக்கிற பிள்ளை, அச்சு அசல் அம்மாவின் உடல்வாகு. பையின் பக்கவாட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எழிலரசி கழுவுவதற்காகத் திறந்தாள். வெண்ணிலா வாசனை குப்பென்று வந்தது. அவளுக்குக் குமட்ட ஆரம்பித்திருந்த அதே பவுடர் வாசனை. அடியில் வெள்ளையாகக் கட்டி ஒட்டியிருந்தது. சோற்று டப்பா தினமும் காலியாகத் திரும்பி வந்ததும், நாம் பட்டினி கிடந்தாலும் பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறதே என்று தான் சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தன.

மகள் செருப்பைக் கழற்றும்போதே எழிலரசி பாட்டிலை நீட்டினாள்.

"இன்னாடி இது?"

கிருஷ்ணப்பிரியா பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றாள். டப்பாச் சோற்றைத் தன்னோடு படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவதாக மெதுவாகச் சொன்னாள். ஏன் என்று எழிலரசி கேட்டாள்.

"உன்ன மாதிரி ஆயிடுவேன்னு பயமா கீதும்மா."

அடிக்க ஓங்கிய கை எழிலரசிக்கு அப்படியே இறங்கிவிட்டது. போய் அடுப்பைப் பற்றவைத்தாள். தோசை ஊற்றி, ஓரம் சிவக்கும்வரை விட்டு, தட்டில் போட்டு மகளுக்கு முன்னால் வைத்தாள். கிருஷ்ணப்பிரியா தொடவில்லை.

"நீயும் சாப்டு. நீ சாப்ட்டாதான் நானும் சாப்புடுவேன்."

எழிலரசி ஒரு விள்ளல் பிய்த்தாள். விரலில் எண்ணெய் சுட்டது. வாயெல்லாம் ஊறியது. ஒரு வாய்தானே, பெற்ற பிள்ளைக்காகத்தானே, எந்த டாக்டர் கேட்கப்போகிறார் என்று உதடு வரைக்கும் கொண்டுபோனாள். பிள்ளைக்காகவா என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள். அந்த நிமிஷம் அவளுக்கு மகள் ஞாபகமே இல்லை, தோசை மட்டும்தான் இருந்தது. அது தெரிந்ததும் பயந்துபோய் விள்ளலைத் தட்டில் வைத்துவிட்டாள்.

மகளிடம் இதுவரை ஆபரேஷன் முட்டிவலிக்காக என்றுதான் சொல்லியிருந்தாள். மகள் அதை நம்பவில்லை. பாரிவாக்கத்தில் நடந்த கல்யாணத்தில், அம்மாவுக்கும் பொண்ணுக்கும் தனித்தனி ஆட்டோ பிடிக்கணும் என்று சின்னம்மா ஒருத்தி சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்தது. எழிலரசிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். கிருஷ்ணப்பிரியா பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனாள். அது முடிந்து கொஞ்ச நாளிலேயே ஆஸ்பத்திரிக்கு அலைய ஆரம்பித்தார்கள். பிள்ளை இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது.

"அயகுக்காவ இல்ல பாப்பா. தூங்கசொல்ல எனக்கு மூச்சு நின்னு நின்னு வருது. உங்க நைனாதான் முயிச்சிக்கினு எய்ப்பி எய்ப்பி உடுறாரு. என்னிக்காச்சும் அவரு அசந்துட்டாருன்னா?"

கிருஷ்ணப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். நைனா ஏன் பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அம்மா பிய்த்து வைத்த விள்ளலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள். எழிலரசி இன்னொரு தோசையை ஊற்றிப் போட்டுவிட்டு, பிள்ளை தின்று முடிகிறவரை அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்தாள். மாடிப்படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஆவடிப் பக்கம் போகும் ரயில் கடக்கிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் அவளுக்கு வேறொரு அரிப்பு பிடித்துக்கொண்டது. காலி டப்பாவைப் பார்த்தால் பிள்ளை சாப்பிட்டதா, கொடுத்ததா என்று தெரியவில்லை. முகர்ந்து பார்த்தாள். பாட்டிலைக் கழுவினாள். சாப்ட்டியா என்று கேட்டால் சாப்ட்டேன் என்ற பதில் சட்டென்று வந்தது, அந்த அவசரமே அவளைக் குடைந்தது. துலுக்கானத்திடம் சொன்னாள். மறுநாளிலிருந்து அவன் வீட்டுக்கு வந்து, மகள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். எழிலரசி மோர் டம்ளரோடு எதிரில் உட்கார்ந்தாள். அவர்கள் மெல்லுவதைப் பார்ப்பது அவளுக்கு நெருப்பில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் போனார்கள். எழிலரசி எடை மெஷின் மேல் ஏறி நின்றபோது ரேஷ்மா மேடம் குனிந்து பார்த்துவிட்டு, சூப்பர் என்றாள். ஸ்கேனில் கல்லீரல் நன்றாகவே இறங்கியிருந்தது. டாக்டர் வியாழக்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார். துலுக்கானம் ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போவது என்று கேட்க ஓடினான். அவன் முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வியர்த்திருந்தது. எழிலரசிக்கு அழுகை வரும்போல இருந்தது, பசியும் எடுத்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போலாமா பாப்பா என்று திரும்பினாள்.

ரேஷ்மா மேடத்தின் அறைக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. சுவரோரம் கிருஷ்ணப்பிரியா இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தாள். கால் கட்டைவிரல்கள் இரண்டும் எடை மெஷினின் விளிம்பை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தன.