முதல் சவரம் மூத்தவனுக்கு

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாதவர்களெல்லாம் இருந்ததாகச் சொல்லித் திரிகிறார்கள். நான், என் தம்பி வேடியப்பன், அவன் மனைவி பச்சையம்மாள், என் மகன் அன்பரசன். அவனுக்குப் பெண் கொடுக்க இருந்த கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி ஆதிமூலம், அவர் மனைவி தனம். வேறு யாரும் இல்லை. 2003ஆம் வருடம், தை மாதம்.

ஆதிமூலம் காபியைத் தொடவில்லை.

"சுத்தி வளைக்காம கேக்கறேங்க. உங்க தம்பிக்கு ஈரல் கெட்டுப்போச்சின்னு பேச்சு. குடிக்காம ஈரல் கெடுமாங்க?"

வேடியப்பன் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எழுத்தர். பன்னீர் சோடாவுக்கு மேல் எதையும் குடித்தவனில்லை. ஆபீசில் நடந்த முகாமில் ரத்தம் கொடுத்தான். அதைச் சோதித்தவர்கள், ஹெபடைடிஸ் சி என்ற கிருமி இருப்பதாகச் சொல்லி அவனை வேலூருக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா சிறு வயது. வலி இல்லாமல், கண் மஞ்சளாகாமல், பல வருடம் அந்தக் கிருமி ஈரலில் குடியிருக்குமாம். மெல்ல மெல்ல ஈரலைத் தழும்பாக்கிவிடுமாம். ரத்தத்தோடு ரத்தம் கலந்தால்தான் பரவும். "ஒரே தட்டுல சாப்பிடலாம், ஒரே டம்ளர்ல குடிக்கலாம். சவரக் கத்திய மட்டும் பொதுவா வச்சிக்காதீங்க" என்றார்.

அனுபவம் போதாததால் மாற்றிச் சொல்கிறார் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்ததும் தம்பியின் டம்ளரை மாட்டுக்கொட்டகை ஆணியில் மாட்டச் சொன்னேன். தட்டு தனி. உப்பில்லாச் சோறு. விடிந்ததும் கீழாநெல்லி.

கத்தி வேறு விஷயம். அது எங்கள் தாத்தாவுடையது, மான்கொம்புப் பிடி போட்டது. வீட்டில் நல்ல காரியம் என்றால் ஆண்கள் வயது வரிசைப்படி அதில்தான் சவரம் செய்துகொள்வோம். ஒருவனுடைய முறை அவன் கல்யாணத்தன்று தொடங்கும். சம்பந்தி வரும் அன்று காலையும் நான் முடித்துவிட்டுத் தம்பியிடம் நீட்டினேன்.

"ணா, டாக்டரம்மா வேணான்னாங்களே."

"டம்ளரத் தனியா வச்சாச்சில்ல. அப்புறம் என்ன?"

பச்சையம்மாள் வாசற்படியில் நின்றாள். "அவரு வாய் வச்ச டம்ளரு கொட்டாயில தொங்குது. அவரு கழுத்தக் கீறின கத்தி சாமி ரூம்ல இருக்குது. இதுல எது தீட்டுன்னு எனக்கு வெளங்கல மாமா."

நான் கத்தியைத் தம்பி கையில் வைத்தேன். அந்தக் கேள்வியோடுதான் ஆதிமூலத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். குடியால் இல்லை என்றால் பிறகு எதனால் என்பார். தாத்தாவின் கத்தியைச் சொல்ல வேண்டும். கத்தியைச் சொல்லாவிட்டால் தம்பி குடிகாரன்.

"நான் ஒண்ணும் கல்யாணத்த நிறுத்தலைங்க. உங்க தம்பி மண்டபத்துக்கு வராம பாத்துக்குங்க. மத்ததெல்லாம் பேசினபடி" என்றார் ஆதிமூலம்.

"நான் வரலணா" என்றான் வேடியப்பன். அன்பரசனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்.

"சம்பந்தி, நான் குடிப்பேன்னு யாராவது சொல்லுவாங்களா?" என்றேன்.

"ஐயோ, உங்களயாங்க?"

"அப்ப பத்து நாள் பொறுங்க."

மறுநாள் வேலூர் போய் அதே சோதனைக்கு என் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். முடிவு வருவதற்குள் பௌர்ணமி வந்தது. கிரிவலம் போனேன். அடி அண்ணாமலையில் உட்கார்ந்து, எனக்கும் அந்த நோய் இருக்க வேண்டும் அண்ணாமலையாரே என்று வேண்டிக்கொண்டேன். பக்கத்தில் கண்ணை மூடி நின்ற ஒருவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போனார்.

முடிவு வாங்க வேலூர் போனபோது டாக்டரம்மா குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கும் இருக்குங்க" என்றார்.

"தம்பிய விட ஜாஸ்தியா, கம்மியா?"

"கிருமி ஜாஸ்திதான். அதுக்காக நோய் முத்திடுச்சின்னு அர்த்தமில்ல."

"ஜாஸ்தியாத்தான் இருக்கும். நான் மூத்தவன்."

எப்போதாவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டார். 1989இல் லாரி மோதியபோது ஏற்றினார்கள். யார் வீட்டு ரத்தம் என்று அன்றே விசாரித்தேன், யாரும் சொல்லவில்லை. "அந்த வருஷம்தாங்க இந்தக் கிருமிக்குப் பேரே வச்சாங்க. அப்ப இதுக்குச் சோதனையே கெடையாது" என்றார். பேர்கூட இல்லாத ஒன்றை என் உடம்புக்குள் விட்டிருக்கிறார்கள்.

மறுபடி அதே ஆட்கள், அதே கூடம். முடிவைப் படித்துக் காட்டினேன். ஆதிமூலம் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப குடி இல்லன்னா எதாலங்க?"

"நாங்க ரெண்டு பேரும் சவரம் பண்ணிக்கிற தாத்தா கத்தியாலதான்" என்றேன். சுவரில் இருந்த தாத்தா படத்தின் பக்கம் நான் திரும்பவில்லை. "டம்ளர எடுத்துட்டு வா, பச்சையம்மா."

அவள் ஆணியிலிருந்து எடுத்துக் கழுவி வந்தாள். வேடியப்பன் அதில் காபி குடித்தான். பிறகு ஆதிமூலமும் தன் காபியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் நின்றவன் வேடியப்பன். அன்பரசன் புதுப் பிளேடில் சவரம் செய்துகொண்டான். கத்தி சந்தனம் குங்குமத்தோடு தாம்பாளத்தில் இருந்து பார்த்தது. அதுவும் கலந்துகொண்டதாகவே கணக்கு.

பிறகு அண்ணன் தம்பி இருவருக்கும் வாரம் ஒரு ஊசி, தினமும் மாத்திரை, ஒரு வருடம். ஊசி போட்ட அன்று ஜுரம். முடி கொட்டியது. கோபம் வரும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். வேடியப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக என்னை எதிர்த்துப் பேசினான். மருந்து பேசுகிறது என்று பொறுத்துக்கொண்டேன். ஊசி நின்று இரண்டு வருடமாகிறது. அவன் எதிர்த்துப் பேசுவதை நிறுத்தவில்லை. கிருமி அவனை விட்டுப் போய்விட்டது. என்னிடம் இருக்கிறது. ஈரலைச் சோதிக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவன்தான் பஸ்ஸில் கூட வருகிறான்.

இந்த நோயைத் தம்பியிடமிருந்து நான் வாங்கிக்கொண்டதாக ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. முதல் சவரம் என்னுடையது. என்னிடமிருந்துதான் அவனுக்குப் போனது.