நகுலேஸ்வரனுக்கு வேலை கொடுத்த கதை

1

இந்தக் கதை ஒரு விருந்துக்காகப் பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மொன்ரியாலில் ஏழைகளுக்குத் தொழில் பழக்கும் ஒரு யூத அறநிறுவனம், நிதி சேர்க்க விருந்து வைக்கிறது. அதில், நிறுவனத்தில் தொழில் படித்து முன்னேறிய ஒருவர் மேடையேறித் தன் கதையை வாசிக்கவேண்டும். நிறுவனத்தில் வேலை செய்யும் தாட்சாயினிக்குக் கதை எழுதுபவள் என்ற கெட்ட பெயர் உண்டு. இம்முறை மேடையேற வேண்டியவர் நகுலேஸ்வரன்; அவர் வாசிக்கப்போவதை எழுதும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. காசு சேராவிட்டால் உலோகம் கடையப் பழக்கும் மாலை நேர லேத் வகுப்பு நின்றுபோகும்.

2

"1880இல், ரஷ்யப் பேரரசில், தம் ஏழைகளுக்குக் கைத்தொழில் பழக்க யூதர்கள் சிலர் நிதி திரட்டினார்கள். அன்றிலிருந்து" (சாப்பிட வந்தவர்களுக்குச் சரித்திரப் பாடமா? வெட்டு.)

"லேத் மெஷின் முன் முதல் நாள் நின்றபோது நகுலேஸ்வரனின் கண்கள்" (என்ன செய்தன? ஒன்றும் தெரியவில்லை. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.)

"இன்று அவர் சென்ட் லோரன்டில், விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில்"

இது பொய். சேர்ந்தது உண்மை. சில மாதங்களிலேயே ஆட்குறைப்பில் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் எழுத உட்காரும்போதெல்லாம் தாட்சாயினியின் கை அவரைத் திரும்பவும் வேலையில் சேர்த்துவிடுகிறது.

3

அவரிடமே வாசித்துக் காட்டினாள்.

"தங்கச்சி, என்னை எத்தினை தரம் வேலையில சேர்ப்பியள்?"

"வகுப்பை மூடப்போகினம் அண்ணை."

"வகுப்பு நல்ல வகுப்பு. அதை எங்கயும் சொல்லுவன். ஆனா விருந்து நடக்கிற லவால் மண்டபத்தில கோப்பை கழுவுறதே நான்தானே. மேடைக்கு வாறதெண்டால் அண்டைக்கு லீவு எடுக்கோணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தாட்சாயினிக்கு வெட்கமாக இருந்தது.

4

நிறுவனப் பொறுப்பாளர் மிரியமிடம் போனாள். கொடுப்பவரும் பெறுபவரும் முகம் அறியாதிருப்பது நல்லது, அதனினும் மேலானது ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது என்பது யூதர்களின் பழைய அறநெறி. அதை இவளுக்குச் சொன்னதே மிரியம்தான். அப்படியானால் மேடை எதற்கு?

"முகம் காட்டாவிட்டால் யாரும் தருவதில்லை," என்றாள் மிரியம் பிரெஞ்சில், களைத்த குரலில். "இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனியில் அகதி முகாமில் என் பெரியப்பா தையல் பழகினார். சட்டம் படித்தவர். மெஷின் முன் உட்காரவைத்து, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள்."

"சிரித்தாரா?"

"சிரித்தார். அடுத்த வகுப்பு நடக்கவேண்டுமே."

5

முடிவு அ: மேடையில் வேலை இருக்கிறது என்கிறார். கைதட்டல். காசு சேருகிறது.

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறார். சாப்பிடுபவர்களின் முள்ளுக்கரண்டிகள் பாதியில் நிற்கின்றன. (பிறகு? தாட்சாயினிக்குத் தெரியவில்லை.)

'ஆ'வையே அனுப்புவது என்று முடிவு செய்திருந்தாள். நேற்று அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, பரவாயில்லை, என்னை வேலையில சேத்துவிடுங்கோ. அடுத்த வகுப்புக்கு என்ர மனுசி பேர் குடுத்திருக்கிறா."

அவர் சம்மதித்துவிட்டார். அவளுக்குத்தான் கை ஓடவில்லை. வாசகரே, இனி உங்கள் பாடு. ஒரு வரிதான் பாக்கி, அதை அவர் மேடையில் சத்தமாக வாசிப்பார்:

"என் பெயர் நகுலேஸ்வரன். நான் இப்போது