மொறிஸ் மைனர் இரைகிறது

சாவியைத் திருப்பினால் எங்கள் மொறிஸ் மைனர் முதலில் இருமும். பிறகு குளவிக்கூட்டைக் கலைத்ததுபோல ‘ங்ஙீ...’ என்று இரையும். ரோட்டில் ஏறி வேகம் பிடித்தால்தான் அடங்கும். சண்டையில்லாத காலமென்றால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். யுத்தம் நடக்கிற நேரத்தில், கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் கீழே நிற்கிற கார் அப்படி இரைந்தால் சனம் என்ன நினைக்கும்? மேல்மாடி மாக்ரெட் அன்ரி ஒரு நாள் காலை தலையில் துவாயும் கையில் பாஸ்போட்டுமாகப் படியிறங்கி ஓடினா. “குண்டில்லை அன்ரி, கார்தான்!” என்று நான் கத்தக் கத்த அவ நிற்கவில்லை. கடற்கரை வரை போய்த்தான் திரும்பினா.

அன்றே தொடர்மாடித் தலைவர் வரதராசா என் மனுசனைப் பிடித்துக்கொண்டார்.

“யோகநாதன், ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உந்தச் சத்தம் நிக்கவேணும். இல்லாட்டிக் காரை உள்ளுக்கை விடேலாது.”

வெளியே விடலாமோ? ஆளில்லாமல் ரோட்டில் நிற்கும் காரில் குண்டிருக்குமென்று ஆமிக்காரர் கண்ணாடி உடைத்துத்தான் சோதிப்பார்கள். பேசாமல் விற்கவேண்டியதுதான். விற்றால் இரத்மலானையில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகவேண்டும். கொஞ்ச நாளைக்கு முன் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. நான் ஓடிப் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்ட பஸ் அது. அன்றிலிருந்து நான் பஸ்ஸில் ஏறவில்லை. அன்றிலிருந்துதான் என் மனுசன் என்னைக் காரில் கொண்டுபோய் இறக்குகிறார்.

இவர் கணக்காளர். “எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்கு, அருந்ததி. லொஜிக்காப் பாத்தால் பிடிபடும்,” என்பது அவருடைய தேவாரம். வெள்ளிக்கிழமைகளில் நான் கோயிலுக்குள்ளே போக, அவர் காரிலேயே இருந்து பேப்பர் படிப்பார். நான் திருநீறு பூசிக்கொண்டு வந்தால், “சுண்ணாம்படிச்சு முடிஞ்சுதோ?” என்று கேட்கிற வாய். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

சனிக்கிழமை மெக்கானிக் புவாத் வந்தான். கெட்டிக்காரன்தான், ஆனால் என் மனுசன் பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னால் எந்தக் கெட்டிக்காரனுக்கு வேலை ஓடும்? பெல்ட் என்றான் புவாத். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் பண்ணியும் இரைந்தது. சைலன்சர் கிளாம்ப் என்றார் இவர். புதுக் கிளாம்ப் போட்டும் இரைந்தது. ஒவ்வொரு இரைச்சலுக்கும் மேலே மாக்ரெட் அன்ரியின் யன்னல் படாரென்று சாத்தப்பட்டது. வரதராசா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

என் பொறுமை போய்விட்டது. “இஞ்சருங்கோ, ஒவ்வொரு நாளும் பக்கத்தில இருந்து போறவள் நான். சத்தம் என்ர முழங்காலடியிலதான் கேக்குது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களோ?”

“உமக்கென்ன தெரியும்? அங்க ஒண்டுமில்லை. புவாத், அதுக்குள்ள கை வைக்காதை!”

புவாத் அதற்குள் டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டுவிட்டான். “சேர், இங்க என்னமோ செருகி ஈக்கிது. ஸ்டார்ட் பண்ணக்குள்ள தகரத்தில அடிபடுது.”

வெளியே வந்தது மஞ்சள் நூல் சுற்றிய ஒரு செப்புத் தகடு. கட்டம் கீறி, மந்திரம் எழுதிய காப்புத் தகடு. “டீச்சர்ட சாமான் போல,” என்று புவாத் மரியாதையாக என்னிடம் நீட்டினான்.

“பாத்தீங்களோ வரதராசா!” என்று என் மனுசன் தொடர்மாடி முழுக்கக் கேட்கக் கத்தினார். “கோயில் கோயிலாத் திரிஞ்சது காணாதெண்டு கடைசியில என்ர காருக்கையும் கொண்டுவந்து செருகியாச்சு! பொம்பிளையளுக்கு எப்ப புத்தி வரும்?”

எனக்கு வந்ததே ஒரு கோபம்! நான் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. தூக்கி அவர் முகத்தில் எறிய ஓங்கினேன். ஓங்கிய கையிலிருந்த தகட்டில் என் பெயர் தெரிந்தது. ‘அருந்ததி, மக நட்சத்திரம், சிம்ம ராசி.’

மகமா? நான் ஆயிலியம். ஆயிலியத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். அதனால் என் அப்பா நான் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் தள்ளி எழுதுவித்து, சாதகத்தில் மகமாக்கித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். எங்கள் வீட்டார் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. என்னை மகம் என்று நம்புகிற ஆள் இந்தக் கொழும்பிலேயே ஒருவர்தான். அவர் என் முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார். கண் மட்டும் தகட்டை விட்டு நகரவில்லை.

பஸ் வெடித்த கிழமைதான் இந்தச் சத்தமும் தொடங்கியது. கோயில் வாசலை மிதிக்காத மனுசன் எந்த ஐயரிடம் போய்க் கெஞ்சிக்கொண்டு நின்றாரோ! ஓங்கிய கையை இறக்கினேன்.

“ஓம், நான்தான் வச்சனான்,” என்றேன் வரதராசாவைப் பார்த்து. “இப்ப அதுக்கென்ன?”

இவர் குனிந்து பழைய கிளாம்பைப் பொறுக்கத் தொடங்கினார்.

திங்கட்கிழமை கார் இருமியது, இரையவில்லை. மாக்ரெட் அன்ரி யன்னலைத் திறந்து கை காட்டினா. தெகிவளை தாண்டியதும் இவர் ரோட்டைப் பார்த்தபடியே, “அந்தத் தகட்டை எறிஞ்சுபோட்டீரோ?” என்று கேட்டார்.

“ஏன் எறியிறன்? புவாத்தைக் கொண்டு சைக்கிள் டியூப்பாலை சுத்தி, இருந்த இடத்திலேயே வைப்பிச்சிட்டன்.”

மனுசன் பெரிய மூச்சொன்று விட்டார். “லொஜிக்கான வேலை,” என்றார்.

நட்சத்திரம் பிழை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் மானம் போகும், இந்த மனுசனின் நித்திரையும் போகும். அந்தத் தகடு காக்கிறது ஆர் பெற்ற மகத்துக்காரியையோ, அவள் இந்த ஊரில் ஒரு கீறலும் படாமல் இருக்கட்டும். ஆயிலியக்காரிக்குப் பக்கத்தில் இவர் இருக்கிறார்.