எட்டு விநாடிக் கதவு

ஆறு வருடமாக ஓட்டுநர் இல்லாத, டப்பா போன்ற குட்டி வண்டிகளைப் பற்றியே பேசிப் பேசி, போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் அவளுக்கு 'டப்பா மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது. விழட்டும். கொள்கை ஆய்வாளர் உத்தியோகமே, யாரும் படிக்காத அறிக்கையை மாங்கு மாங்கென்று எழுதுவதுதானே! ஆனால் இந்த அறிக்கையை அவள் அக்காவுக்காக எழுதினாள். விபத்துக்குப் பிறகு வாக்கர் இல்லாமல் நடக்க முடியாத அக்கா, பொத்தானை அமுக்கி வண்டியை வரவழைத்து, யார் தயவும் இல்லாமல் தனியாக மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

சோதனை ஓட்டத்தன்று அக்கா புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தாள். வண்டி வந்தது, கதவு திறந்தது. அக்கா நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாக்கரை முதலில் உள்ளே வைத்தாள். காலைத் தூக்குவதற்குள் கதவு மூடியது. பாழாய்ப்போன வண்டி வாக்கரை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயே போய்விட்டது. யாரோ சிரித்தார்கள்.

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. பக்கத்தில் நின்ற திட்ட இயக்குநரிடம் பாய்ந்தாள்.

"எந்த மடையன் சார் கதவுக்கு இந்த நேரம் வச்சது?"

"கத்தாதீங்க மேடம். எட்டு செகண்ட். உங்க அறிக்கை, பதினேழாம் பக்கம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அறிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாள் நினைவுக்கு வந்தது. ஏறும் நேரம் என்ற கட்டம் மட்டும் காலி. வீட்டு முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, தானே மூன்று தரம் நடந்துபோய் உட்கார்ந்து பார்த்தாள். எட்டு என்று போட்டு, கீழே 'பின்னர் சரிபார்க்கவும்' என்று எழுதினாள். ஒருத்தரும் சரிபார்க்கவில்லை. அவளும்தான்.

"நீ நாற்காலியைப் போட்டு உக்காந்து பாத்தப்ப அடுத்த ரூம்லதானேடி இருந்தேன்," என்றாள் அக்கா, கம்பியை விடாமல். "ஒரு தடவை கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா?"

அந்த மடையன் யார் என்று தெரிந்துவிட்டது. தன் மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேரத்தை மாத்துங்க சார்."

"மாத்தினா மொத்தத் திட்டமும் ஆட்டம் காணும். திங்கட்கிழமை திறப்பு விழா. உங்க அறிக்கை தப்புன்னு நீங்களே எழுதித் தருவீங்களா?" இயக்குநர் சிரித்தார். எந்த ஆய்வாளரும் தராததுதான் அது.

வாக்கரோடு வண்டி சுற்றி வந்து நின்றது. கதவு திறந்ததும் அவள் குறுக்கே போய் முதுகைக் கொடுத்து நின்றாள். அபாய மணி காது கிழிய அலறியது. பின்னால் வண்டிகள் வரிசையாக முட்டிக்கொண்டு நின்றன.

"ஏறுக்கா! ஒண்ணு... ரெண்டு..."

"மேடம், வெளிய வாங்க!" என்று இயக்குநர் ஓடி வந்தார்.

"பதினேழு... பதினெட்டு... நிதானமா ஏறுக்கா, எவன் என்ன பண்றான்னு பாக்கறேன்!"

அக்கா உட்கார்ந்தபோது நாற்பத்தொன்று. அவள் கதவை விட்டு நகராமலே இயக்குநரின் கையிலிருந்த அறிக்கையைப் பிடுங்கினாள். எட்டை அடித்து நாற்பத்தொன்று என்று எழுதினாள். பக்கத்திலேயே 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சரிபார்த்தவர் என்ற கோடு இன்னும் காலியாக இருந்தது. பேனாவை அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "இதுக்காவது என்னைக் கேக்கணும்னு தோணிச்சே," என்றபடி கையெழுத்துப் போட்டாள்.