மாரீஸ்வரி கழற்றச் சொன்ன ஊபர்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் ஒரு கமிஷன் மண்டி. மல்லி மூட்டைக்கும் உளுந்து மூட்டைக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்திருந்தார்கள். அண்ணாந்து பார்த்தேன். பரணில், செய்தித்தாள் சுற்றிய வட்டமான சாமான் ஒன்று, தோசைக்கல் அளவுக்கு இருந்தது. "அது என்னங்க?" என்று சும்மாதான் கேட்டேன்.

கணக்கப்பிள்ளை தலையைத் தூக்காமல் சொன்னார்: "அது மூத்த அம்மா காலத்து ஊபருங்க. கார்ல இருந்தது. முதலாளி தூரப் போடக் கூடாதுன்னுட்டாரு."

ஊர் கொடுத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது. பூமிநாதன், மாரீஸ்வரி என்ற பெயர்கள்கூட நான் வைத்தவை. மண்டி மண்டியாகப் போய் விசாரித்து யாரையும் சங்கடப்படுத்த வேண்டாம்.

(ஊபர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பாட்டில் 'திம் திம்' என்று இடிக்கிற சத்தத்துக்கென்றே தனியாக வைக்கிற பெரிய ஸ்பீக்கர். அதைக் காதால் கேட்பதைவிட முதுகால் கேட்பதுதான் அதிகம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"கரிசல் காட்டில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. திருச்சுழி ரோட்டில் ஒரு வெள்ளைக் கார்"

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை என்றாலே வெயிலின் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டுமா? வெயில் அது பாட்டுக்கு அடிக்கட்டும்.

இரண்டாம் முயற்சி:

"தங்கம்மாள் பின்சீட்டில் சாய்ந்திருப்பாள். மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் பாட்டு மெல்லப் பாடிக்கொண்டே வரும். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஊபர் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கும். வலி கொஞ்சம் மறந்தாற்போல அவள் கண்ணை"

இங்கேதான் மாரீஸ்வரி என் கையைப் பிடித்தாள்.

"கதையிலயுமா? ஆரம்பத்துலயே அவதானா? அப்ப என்னைய எத்தனாம் பக்கத்துல கொண்டாரப் போறீங்க?"

அவள் கேட்டது நியாயம். தங்கம்மாளைப் பற்றி எழுதியிருந்த அரைப் பக்கத்தை அடித்துவிட்டேன். நல்ல அரைப் பக்கம். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

வாசகருக்குத் தெரிந்தே ஆக வேண்டியதை மட்டும் சொல்கிறேன். மண்டி முதலாளி பூமிநாதனுக்குத் தங்கம்மாள் முதல் மனைவி. நோயில் இறந்துபோனாள். மாரீஸ்வரி இளையதாரம், எம்.ரெட்டியபட்டிக்காரி. கார், தங்கம்மாள் இருந்த காலத்தில் மெட்ராஸிலிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வெளிநாட்டுக் கார். பின்சீட்டுக்கு மேலே இருக்கும் பலகையில் கம்பெனிக்காரனே ஊபரைப் பதித்து அனுப்பியிருந்தான். தொண்ணூறுகளின் நடுவில் அருப்புக்கோட்டைச் சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு காரை வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு அது வசதி.

3

மாரீஸ்வரிக்கு வயிற்றெரிச்சல். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தண்ணிக் குழாயடியில் ஒரு நாள் தலைமுடியைப் பிடித்துத் தீர்த்துக்கொள்ளலாம். இவளுடைய சக்களத்தி சுவரில் மாலையோடு தொங்கினாள். சிரித்தபடி வேறு தொங்கினாள்.

அந்த வீட்டில் குழம்பு ஊற்றினால் கிண்ணத்தில் தங்கம்மாள் பெயர் வெட்டியிருக்கும். தண்ணீர் மோந்தால் செம்பில் வெட்டியிருக்கும். தை பிறப்பதற்கு முன்னால் மூத்தாளுக்குப் படைப்பார்கள். புதுச்சேலை எடுத்துப் படத்துக்கு முன் வைத்துக் கும்பிட்டு, அதே சேலையை இளையவள் கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் முறை. சேலையைப் பூமிநாதனே கடைக்குப் போய் எடுத்து வருவார். ஒவ்வொரு வருஷமும் அரக்கு நிறம்தான். மாரீஸ்வரிக்கு அரக்கு ஆகாது. கட்டிக்கொண்டு வந்து நிற்பாள். பூமிநாதன் சேலையைப் பார்ப்பார். அதற்கு மேலே இருக்கும் முகத்தைப் பார்த்தாரா என்பது அவளுக்கு இதுவரை தெரியாது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். காரைத்தான் பொறுக்க முடியவில்லை. பாட்டில் அந்தத் 'திம் திம்' பேஸ் இடிக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து 'கர்… கர்…' என்று ஒரு சத்தம். ஊபருக்குள் அதிர்கிற பேப்பர் கிழிந்திருக்கும், மாற்றிவிடுங்கள் என்று ஏறி இறங்கியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பூமிநாதனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "கம்பெனியில வச்சது. கழட்டக் கூடாது."*

அவள் தம்பி கல்யாணம் திருச்சுழியில் நிச்சயமானபோது, மாரீஸ்வரி பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, பொண்ணு மாப்பிள்ளைய இந்தக் கார்லதான கூட்டிட்டு வரணும். இந்தக் கரகரப்போட போனா ஊரு சிரிக்காதா?"

"பாட்டப் போடாம கூட்டியாருவோம்."

"பாட்டு இல்லாத கல்யாணக் காரா? அப்ப நான் வரல. நீங்களும் அந்த ஊபருமாப் போயிட்டு வாங்க."

பூமிநாதன் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சரி, மாத்திக்க. ஆனா கழட்டுனதப் பத்திரமா வாங்கி வையி. தூரப் போட்டுறாத."

ஜெயித்த சந்தோஷம் அவளுக்கு அடுப்படி போய்ச் சேரும்வரைகூட நிற்கவில்லை. அவள் ஊருக்குப் பஸ் ஏறும்போது அவர் "போயிட்டு வா" என்பார். ஒரு தடவையாவது "பத்திரமா" என்று சேர்த்துச் சொன்னதில்லை. ஓட்டை ஊபருக்குக் கிடைத்த சொல் தனக்குக் கிடைக்கவில்லையே என்று பற்றிக்கொண்டு வந்தது.

* கம்பெனி சாமான் கழற்றிய காருக்கு விற்கும்போது மதிப்பு இருக்காது. பூமிநாதன் வியாபாரி. அதை நினைத்தும் சொல்லியிருக்கலாம். மாரீஸ்வரியிடம் இதை எடுத்துச் சொன்னேன், அவள் நம்பவில்லை. அடித்துச் சொல்ல எனக்கும் தெரியாது. நான் அவள் பக்கத்தில் நின்று எழுதுகிறேன். அங்கிருந்து அவருடைய முதுகுதான் தெரிகிறது.

4

பாளையம்பட்டியில் கார்களுக்கு டேப், ஸ்பீக்கர் மாட்டிக்கொடுக்கும் இன்பராஜின் கடை. பூமிநாதன் காரையும் மனைவியையும் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். கழற்றுவதைப் பார்க்க அவருக்கு மனசில்லை என்பது மாரீஸ்வரியின் கணக்கு. மண்டியில் மல்லி ஏலம் இருந்தது என்பது என் கணக்கு.

[இந்த இடத்தில் கம்பெனி சாமானையும் வெளியில் வாங்கி மாட்டுகிற சாமானையும் வைத்து, மூத்த மனைவி, இளைய மனைவி என்று ஒரு பத்தி எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. வாசகருக்கும் தோன்றியிருக்கும். மாரீஸ்வரிக்கும் தோன்றிவிட்டது. "அப்ப நான் வெளிச்சாமானா?" என்றாள். நான் அந்தப் பத்தியை எழுதவில்லை.]

இன்பராஜ் டிக்கிக்குள் தலையை விட்டு, மல்லாக்கப் படுத்துத் திருகிக்கொண்டிருந்தான். திடீரென்று திருகுகிற சத்தம் நின்றது.

"மதினி, இங்கன வாங்க. ஊபர்ல பேப்பர் கிழியவே இல்ல. புதுசாட்டம் இருக்கு."

"அப்ப கரகரன்னது?"

அவன் கையை வெளியே நீட்டினான். உள்ளங்கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. உள்ளே காசு. ஊபரின் இரும்புச் சட்டத்தில், அடிப்பக்கமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததாம். பேஸ் இடிக்கும்போதெல்லாம் காசு தகரத்தில் மோதியிருக்கிறது.

"நேந்து முடிஞ்சு வச்சிருக்காக," என்றான். குரல் இறங்கியிருந்தது. "மூத்த மதினியாத்தான் இருக்கும். கார் வந்த புதுசுல அவுகதான் பூசை போட்டாக."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இந்த இடத்துக்கு நான் எடுத்து வைத்திருந்தது வெறும் கிழிந்த பேப்பர். இரண்டாம் பகுதியில் அடித்துப் போட்ட தங்கம்மாள், யாரையும் கேட்காமல் நான்காம் பகுதிக்கு நடந்து வந்துவிட்டாள்.

தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல மாரீஸ்வரிக்கு நாக்கு நுனிவரை வந்தது. நேர்ந்த காசைத் தூக்கிப் போடச் சொல்கிற தைரியம் அவளுக்கு இல்லை. எனக்கும் இல்லை.

"ஏதாச்சும் ஒரு கோயில் உண்டியல்ல போட்டுட்டாப் போச்சு."

"எந்தச் சாமிக்குன்னு தெரியணும்ல மதினி? ஒரு சாமிக்கு முடிஞ்சத இன்னொரு சாமிக்குப் போட்டா, வாங்குன சாமியும் ஏத்துக்காது, விட்ட சாமியும் சும்மா இருக்காது."

எந்தச் சாமி என்று தெரிந்தவள் சுவரில் இருக்கிறாள். அவளிடம் போய்க் கேட்கவா முடியும்?

"எனக்குத் தெரியாது. நீங்களே பாத்து ஏதாச்சும் செய்ங்க," என்று சொல்லிவிட்டு, மாரீஸ்வரி கடைக்கு வெளியே வந்து ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டாள். அவள் செய்த பிழை அதுதான். சாமிக்குப் பயந்தவனிடம் "பாத்துச் செய்ங்க" என்று சொல்லலாமா?

புது ஊபர், பலகைப் பெட்டிக்குள் உட்கார்ந்து டிக்கியில் ஏறியது. இன்பராஜ் அரைச் சத்தத்தில் போட்டுக் காட்டினான். கடைத் தகரம் அதிர்ந்தது. பழையதைச் செய்தித்தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்தான். பிள்ளையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் வாங்க வேண்டியிருந்தது. அவ்வளவு கனம்.

5

திருச்சுழி ரோடு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், இடையிடையே பருத்திக்காடு. பூமிநாதன் ஓட்டுகிறார். மாரீஸ்வரி முன்சீட்டில், தானே எடுத்த பச்சைச் சேலையில்.

கேசட்டைத் தள்ளி, சத்தத்தை முழுசாக வைத்தாள். திம். திம். இருக்கை வழியாக முதுகில் இடித்தது. கதவுக் கண்ணாடி குலுங்கியது. இந்தச் சத்தம் இந்தக் காரில் வேறு யாரும் கேட்காத சத்தம். மாரீஸ்வரி கல்யாணமாகி வந்த பிறகு முதல் தடவையாக அந்தச் சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றார். ஸ்டியரிங்கில் ஒரு விரல் தாளம் போட்டது. அதையும் அவள் பார்த்தாள்.

அப்போது பின்னாலிருந்து வந்தது.

கர்… கர்…

மாரீஸ்வரிக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. (வாசகருக்கு நான் சொல்கிறேன். வண்டியோடு இருந்த முடிச்சு வண்டியோடுதான் இருக்க வேண்டும் என்று இன்பராஜ் அதைப் புதுப் பெட்டிக்குள் கட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மேலே ஊபரை வைத்துத் திருகிவிட்டான்.)

6

முடிவுகள்.

முதலாவது: வழியில் பூமிநாதன் டீ குடிக்க இறங்கியதும் அவள் திருப்புளியை எடுக்கிறாள். பெட்டியைத் திறந்து முடிச்சைப் பிடுங்கிக் கருவேலங்காட்டுக்குள் வீசுகிறாள். எழுதிப் பார்த்தேன். திருப்புளியை எடுத்தாள், பெட்டியைத் திறந்தாள். வீச மட்டும் கை எழவில்லை.

இரண்டாவது: அவள் வாயை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தோடு வாழப் பழகுகிறாள். "ஆயுசு முழுக்க அவ கொலுசுச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே போகச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதை நான் எழுதவில்லை. என்னிடமிருந்து அவளே பிடுங்கிக்கொண்டாள்.

பூமிநாதன் பாட்டை நிறுத்தினார். "மாத்தியும் அதே சத்தமா? ஊபர் போச்சுன்னுதான சொன்ன?"

"ஓரமா நிப்பாட்டுங்க."

கார் நின்றது. மாரீஸ்வரி நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ஊபர் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கடியில ஒரு முடிச்சு இருந்துச்சு. நேந்த காசு. இன்பராசு அதத் தூக்கிப் புதுப் பெட்டிக்குள்ள வச்சுட்டான்." தொண்டையைச் செருமினாள். "அக்கா எந்தச் சாமிக்கு நேந்துக்கிட்டாக? சொல்லுங்க. நாமளே போய்ச் செலுத்திருவோம். அது முடிஞ்சாத்தான் அவுக போவாக."

இதுவரை அவள் தங்கம்மாளை முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அவ', 'அந்தம்மா', 'படத்துல இருக்கவுக', இவ்வளவுதான். இப்போது அக்கா என்றது பாசத்தில் அல்ல. விருந்தாளியை வழியனுப்ப வேண்டுமென்றாலும் முறை சொல்லித்தானே அனுப்ப வேண்டியிருக்கிறது?

முடிச்சைப் பற்றிப் பூமிநாதனுக்கு எதுவும் தெரியாது. இப்போதுதான் கேள்விப்படுகிறார். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். அவர் முகம்

இந்த முகத்தை எழுதத்தான் அந்த மண்டி ஸ்டூலிலிருந்து இவ்வளவு தூரம் வந்தேன். மாரீஸ்வரி கார்க் கண்ணாடியை ஏற்றத் தொடங்கினாள்.

"போதும்," என்றாள் என்னிடம். "இந்த மூஞ்சிய அவகூடப் பாத்ததில்ல. நான்தான் மொதல்ல பாக்கேன். நீங்க எதுக்கு?"

கண்ணாடி முழுக்க ஏறிவிட்டது. நான் ரோட்டோரம் பருத்திக்காட்டுப் பக்கம் நிற்கிறேன். அவர் ஏதாவது ஒரு சாமியின் பெயரைச் சொன்னாரா, அவருக்கே தெரியவில்லையா, எதுவும் இங்கே கேட்கவில்லை. உங்களை அவளுக்குத் தெரியாது. வேண்டுமானால் நீங்கள் போய்க் கண்ணாடியைத் தட்டிப் பாருங்கள்.