பியானோவுக்குச் சுற்றிய வலை

அத்தை எனக்கு விட்டுப்போன பழைய பியானோவை, 1951-இல் ராயபுரத்திலிருந்து லண்டனுக்குக் கப்பலேற்றினேன். மரப்பெட்டி அடித்த அத்தாவுல்லா, வைக்கோல் ஈரம் இழுக்கும், மெத்தென்று வேறேதாவது சுற்றவேண்டும் என்றார். உடனே பக்கத்து வீட்டு மீன்காரி கன்னியம்மா வலைகளை அள்ளிக்கொண்டு வந்தாள்.

“இதையா? நாறுமே!” என்று எரிந்து விழுந்தேன்.

“நாறினா இன்னா பாப்பா? அத்தினியும் கிழிசல், கடலுக்கு ஒதவாது. என் பசங்களுக்கு உங்க அத்தை சும்மாவே பாட்டு கத்துக்குடுத்த பொட்டி இது. அடிபடாம போய்ச் சேரட்டும்.”

லண்டனில் பிரித்தபோது ஒரு கட்டைகூட உடைந்திருக்கவில்லை. நாற்றம் மட்டும் வீட்டைத் தூக்கியது. திட்டிக்கொண்டே வலைகளை உதறினேன். மேலே இருந்தவை கிழிசல்தான். பியானோவை ஒட்டிச் சுற்றியிருந்தது புது வலை; ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை.

பொய் சொல்லியிருக்கிறாள், மகராசி.