லேசாகச் சுற்றிய வால்வு

லம்ஜெத்துக்கு அது தொடர்ந்து மூன்றாவது ஷிப்ட். மாற்று ஆள் வரவில்லை. தெற்குத் துனிசியக் கரையில் இருந்த கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலையில் முதல் வடிகட்டித் தொட்டி சிப்பி ஏறி அடைத்துக்கொண்டதில், ஊருக்கு இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. அவனுடைய உதவியாள் பெஷீர் உள்ளே இறங்கிச் சுரண்டவேண்டும்; அதே நேரத்தில் பக்கத்துத் தொட்டிக்குப் பம்பை ஓட்டிவிடலாம் என்று பொறியாளர் ரவ்தா சொல்லியிருந்தாள். அந்தத் தண்ணீர் பெஷீர் பக்கம் போகாமல் தடுக்க இருந்தது ஒரே ஒரு பட்டர்ஃபிளை வால்வு.

குழாய்க்குள் ஒரு வட்டத் தகடு, அதை ஊடுருவி ஒரு தண்டு, அவ்வளவுதான் அது. தண்டு கால் வட்டம் திரும்பினால் தகடு குறுக்கே நின்று அடைக்கும். பெரிய குழாய் என்பதால் கைச்சக்கரத்தைப் பல சுற்று சுற்றவேண்டும்.

லம்ஜெத் சுற்றினான். சக்கரத்தின் மேலிருந்த காட்டி முள் வால்வு மூடியதாகக் காட்டியது. தகடு ரப்பர் வளையத்தில் அழுந்தும் கடைசி இரண்டு சுற்றுக்கு எப்போதும் தோள் கழன்றுவிடும். இன்று வலிக்கவே இல்லை. தப்பித்தோம் என்று முதலில் சந்தோஷப்பட்டான். பிறகுதான் உறைத்தது: தகடு வளையத்தில் அழுந்தவே இல்லை.

பெஷீர் ஒரு காலைத் தொட்டிக்குள் விட்டிருந்தான். லம்ஜெத் ஓடிப்போய் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"என்னண்ணே, விளையாடுறியா? விழுந்திருப்பேன்!"

"வெளிய வா. மொதல்ல பம்பு ஓடட்டும்."

ரவ்தா வந்தாள். "முள்ளு மூடியிருக்குன்னு காட்டுதே, இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"முள்ளு சக்கரத்தோட திரும்பும் மேடம். உள்ள தகடு திரும்புச்சான்னு அதுக்கு என்ன தெரியும்?"

"நிமிஷத்துக்கு ஒரு போன் வருது எனக்கு. தண்ணி எங்கே, தண்ணி எங்கேன்னு."

"வரட்டும். இவன் உள்ள இருக்கையில நான் பம்ப ஓட்ட விடமாட்டேன்."

அவள் அலுத்துப்போய் வயர்லெஸ்ஸில் பம்பை ஓட்டச் சொன்னாள். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல கிடையாது."

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தொட்டிக்குள் உப்புத் தண்ணீர் இரைந்து கொட்டியது. பெஷீர் தொங்கவிட்டிருந்த விளக்கு இருந்த இடம் தெரியவில்லை. "நிறுத்து, நிறுத்து!" என்று ரவ்தா கத்தினாள். பெஷீர் தொட்டி வாயிலிருந்து நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வால்வைக் கழற்றியபோது, தகட்டைத் தண்டோடு பிணைக்கும் ஆணி உப்பில் அரித்து ஒடிந்திருந்தது. புது வால்வைப் பொருத்தி போல்ட்டுகளை முறுக்கி முடிக்க மறுநாள் மதியம் ஆயிற்று. ஊர் இன்னொரு நாள் திட்டியது.

"வீட்டுக்குப் போங்க லம்ஜெத்," என்றாள் ரவ்தா, அவன் முகத்தைப் பார்க்காமல்.

"வண்டி ஓட்டத் தெம்பில்ல மேடம்."

வால்வு வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, குழாய் நிழலில் படுத்தான். பூட்ஸைக் கழற்றக்கூட இல்லை.